நீலச் சட்டையும் வெள்ளைச் சட்டையும்

இனாமாகக் கொடுக்கிற சட்டையை இஸ்திரி போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பிளாட்பாரத்தில் படுத்துப் புரளுகிறவனுக்கு மடிப்புக் கலையாத சட்டை ஒரு கேடா என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். வீட்டை நடத்திய நர்சம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கசங்கின துணியைச் சுருட்டிக் கையில் திணித்தால் வாங்குகிறவன் முகம் சுருங்கிப்போகிறது, அதை என்னால் பார்க்க முடியாது என்பாள். அவள் பிடிவாதம் ஊரறிந்தது.

அது ஒரு பழைய சாக்குக் கிடங்கு. தெருவில் விழுந்து கிடக்கிறவர்களையும் போக்கிடம் இல்லாதவர்களையும் வேனில் ஏற்றி வந்து, குளிப்பாட்டி, சோறு போட்டு, படுக்க ஒரு கட்டில் கொடுப்பார்கள். வாசலில் நீளமாக ஒரு பெயர்ப்பலகை தொங்கியது. அதைப் படித்தவர் யாரும் கிடையாது. எல்லாருக்கும் அது சோத்து வீடுதான்.

கிடங்குச் சந்தின் முனையில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரியக்காவுக்கு அந்தச் சட்டத்தால் வாரம் தவறாமல் ஒரு மூட்டை துணி வந்தது. கரி போட்டுச் சூடேற்றுகிற கனத்த பெட்டி அவளுடையது. அதை இழுத்து இழுத்து வலது தோள் கொஞ்சம் இறங்கியே போயிருந்தது. சோத்து வீட்டுத் துணிதானே என்று அவள் ஒருநாளும் ஏனோதானோவென்று தேய்த்ததில்லை. புருஷன் காணாமல் போன பிறகு இன்னும் கவனமாகப் போட்டாள். இதில் ஏதாவது ஒரு சட்டை, எந்தத் தெருவிலாவது அவருக்குப் போய்ச் சேரும், யார் கண்டது என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

புருஷன் பெயின்டர். மழை பிடிப்பதற்கு முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் கட்டடத்தில் வேலை இருக்கிறது என்று பிரஷ் மூட்டையோடு போனார். வருஷா வருஷம் போகிறதுதான். அங்கேயே தங்கி, வேலை முடிந்ததும் மகளுக்கு ஏதாவது தின்பண்டம் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். இந்தத் தடவை வரவில்லை. செல்போன் கொஞ்ச நாள் அடித்தது, பிறகு அதுவும் அடங்கிப்போனது. நேரில் போய் விசாரித்தாள். வேலை முடிந்து எல்லாரும் கிளம்பியாகிவிட்டது, உன் புருஷனும்தான் போனார் என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, வருவார் போங்கள் என்றார்கள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. ஏணிக்குப் பக்கத்தில், மார்பு வரைக்கும் தாடியோடு நிற்பார். தாடியில்லாத போட்டோ கிடையாது, ஏனென்றால் தாடியில்லாமல் அவரை யாரும் பார்த்ததே கிடையாது. கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்தார். பெயின்ட் சொட்டினால் அதில்தான் போய் ஒட்டும். டர்பன்டைன் தொட்டு ஒவ்வொரு முடியாகத் துடைத்துவிடுவது அவள் வேலை. உள்ளே மோவாய்க்குக் கீழே ஒரு பள்ளம், சின்ன வயதில் எதன் மேலோ விழுந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு தாடியும். விரல் நுனி போய் உட்காருகிற அளவுக்குக் குழி. அவளுக்கு அதை விரலால் தெரியும், கண்ணால் பார்த்ததில்லை.

அந்தப் போட்டோவை வேன்காரத் தம்பியிடம் கொடுத்து வைத்திருந்தாள். சோத்து வீட்டு மூட்டையைக் கொண்டுவருகிறவன் அவன்தான். சாயங்கால வேன் அவனுடையது.

"தம்பி, தாடி வச்ச ஆளு யாராச்சும் கண்ணுல பட்டாங்களா?" மூட்டையை இறக்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவாள்.

"தாடி வச்ச ஆளுக்கா அக்கா பஞ்சம்? ரோட்டுல படுக்கிறவன் அத்தனை பேருக்கும் தாடிதான். ஒவ்வொருத்தனையும் மூஞ்சிக்கு நேரா டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் ஏத்துறேன். நேத்து ஒருத்தன் என்னை அடிக்கவே வந்துட்டான்."

"நீலச் சட்டை போட்டிருப்பாரு. பை மட்டும்..."

"பை மட்டும் பச்சைத் துணி, நீங்க தெச்சது, தாடி சீப்பு நிக்கிற மாதிரி ஆழமா இருக்கும். மனப்பாடம் ஆயிடுச்சுக்கா. என் பொண்டாட்டி என்ன கலர் சேலை கட்டியிருக்கான்னு கேட்டா தெரியாது, உங்க வீட்டுக்காரர் சட்டை தூக்கத்துலயும் வருது."

"போட்டோ ஒட்டியிருக்கியா, கிழிஞ்சு போச்சா?"

"ஆம்பளைங்க ஹால்ல, ஜன்னலுக்குப் பக்கத்துல பசை போட்டு ஒட்டியிருக்கேன். உள்ள வர்றவன் எல்லாம் பாப்பான். ரோட்டுல கிடக்கிறவனுக்குத்தான் ரோட்டுல கிடக்கிறவனைத் தெரியும். எவனாவது ஒருத்தன் சொல்லாமலா போயிடுவான்?"

யோசனை நல்ல யோசனைதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வீட்டில் மகள் இந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டாள். பை தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் மிஷினுக்கு முன்னால் குனிந்திருந்துவிட்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்து சேருவாள். ஒரே அறை. மழைக்குச் சுவர் ஊறி, அப்பா அடித்த இளம்பச்சைப் பெயின்ட் உப்பி உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. கயிற்றில் போட்ட துணி காய்கிற வழியாக இல்லை. அடுப்பில் பருப்பு கொதித்தது.

"இன்னைக்கும் வேன்காரன்கிட்ட கேட்டியா?" என்றாள் மகள்.

"கேட்டா என்னடி? வாய் தேய்ஞ்சா போயிடும்?"

"அவருக்கு வரணும்னு இருந்தா வந்திருப்பாரும்மா. கை இருக்கு, கால் இருக்கு. பஸ் ஏறத் தெரியாதா? ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன, வெளிநாடா?"

"என்னமோ ஆயிருக்கும்."

"என்ன ஆயிருக்கும்? எங்க கம்பெனியில ஒரு அக்கா, அவங்க புருஷனும் இப்படித்தான் வேலைக்குன்னு போனாரு. தேடோ தேடுன்னு தேடினாங்க. அந்தாளு இன்னொரு வீட்டுல பிள்ளைக்குப் பால் டப்பா வாங்கிட்டுப் போனதை இவங்களே கண்ணால பாத்தாங்க."

"உங்கப்பன் அந்த மாதிரி ஆளு இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"அடியே, ராத்திரி நீ வர்ற வரைக்கும் சோத்துல கை வைக்காத மனுஷன்டி. அவரா விட்டுட்டுப் போவாரு?"

"அப்புறம் ஏன் வரல? சொல்லு. நீ சொல்லு, நான் கேக்கிறேன்."

 அம்மா கரண்டியைப் போட்டுப் பருப்பைக் கடைகிறது மாதிரி வெறுமனே கிண்டிக்கொண்டிருந்தாள். செத்துப்போயிருப்பார் என்று நினைக்கவும் மனசு வரவில்லை, உயிரோடு இருந்தால் மகள் சொல்வதுதான் நிஜம் என்று ஆகிறது. இரண்டில் எது தேவலை என்று நினைத்துப் பார்த்தவள் தன்னையே வைதுகொண்டாள். மகள் தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அவள் அழுகிறாள் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் அந்த அறையில் மரியாதை.

மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கரி நமுத்துப்போய், ஊதி ஊதி அவளுக்குக் கண் சிவந்ததுதான் மிச்சம். ஊரில் எவன் வீட்டுத் துணியும் காயாததால் இஸ்திரிக்கும் வேலை இல்லை. அப்படி ஒரு மத்தியானம் வேன்காரத் தம்பி மூட்டை இல்லாமல் வந்தான். செய்தித்தாளில் சுற்றி ஒரே ஒரு வெள்ளைச் சட்டை கையில் வைத்திருந்தான்.

"அக்கா, இது ஒண்ணை மட்டும் உடனே போட்டுக் குடுங்க. ஒருத்தருக்குக் கடைசி உடுப்பு."

"அய்யோ. யாரு தம்பி?"

"யாருன்னு யாருக்குத் தெரியும்? ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, பேச்சும் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இடம் இல்லன்னு நம்ம காலை வேன்ல ஏத்தி விட்டாங்க. பாவம், நல்ல மனுஷன். சோறு ஊட்டினா வாயைத் திறப்பாரு, அவ்வளவுதான். இன்னைக்கு விடியக்காலையில அடங்கிட்டாரு."

அவள் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறினாள். கேட்க வேண்டாம் என்று நினைத்தாள், ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"தாடி?"

"சேச்சே, அதெல்லாம் இல்லக்கா. மொழுமொழுன்னு முகம். இருந்தா நான் உங்ககிட்ட ஓடி வந்திருக்க மாட்டேனா?"

அவளுக்கு மூச்சு சீராக வந்தது. அந்த நிம்மதிக்காக வெட்கமாகவும் இருந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் எவளோ ஒருத்தி தன்னைப் போலவே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் இல்லையா?

"அவங்க வீட்டு ஆளுங்க வரவே இல்லையா?"

"எந்த வீடுன்னு போய்த் தேடுறது? அதான் நாமளே குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, அடக்கம் பண்றது. நர்சம்மா சொன்னாங்க, கடைசி உடுப்பு கசங்கியிருக்கக் கூடாதுன்னு."

கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி அவனை டீக்கடைக்கு அனுப்பினாள். பொதுவாகச் சோத்து வீட்டுத் துணிக்குக் கஞ்சி போடுவதில்லை. காலரில் தொட்டுத் தடவி, பெட்டியை அழுத்தி, திருப்பிப் போட்டு மறுபடியும் தேய்த்தாள். கைமடிப்பு, பட்டன் ஓரம், தோள் மூட்டு என்று ஒன்று விடாமல் பார்த்தாள். படுத்த வாக்கில் போடுகிற சட்டைக்கு முதுகு எதற்கு என்று யோசிக்காமல் முதுகையும் தேய்த்தாள். வண்டியின் தகரக் கூரையில் மழை கொட்டியது. ஒரு சொட்டுக்கூட விழாமல் குனிந்து மறைத்துக்கொண்டாள்.

"கூலி வேண்டாம் தம்பி. இதுக்கு வேண்டாம்" என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு எங்கேயாவது யாராவது ஒரு வாய்த் தண்ணி குடுத்திருப்பாங்க. அதுக்குன்னு நினைச்சுக்கோ."

மழை விட்டு வெயில் அடித்தபோது ஊரே துணியைக் காயப்போட்டது. சோத்து வீட்டில் தேங்கிக் கிடந்த துணியெல்லாம் கொதிக்கப்போட்டு, அலசி, காய்ந்து, ஒரு மலைபோல் மூட்டையாக வந்து இறங்கியது. வேன்காரத் தம்பி வழக்கம்போல் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான். வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில் அவளும் சுறுசுறுப்பாகத்தான் ஆரம்பித்தாள். மூட்டை பாதி குறைந்திருக்கும். அடுத்ததை உதறி விரித்தாள்.

நீலச் சட்டை. பை பச்சை.

கொதிநீரில் போட்டதில் நீலம் வெளுத்திருந்தது. பெயின்ட் சொட்டுகள் மட்டும் போகவில்லை. பையின் அடியில் அவள் போட்ட இரட்டைத் தையல் அப்படியே இருந்தது. பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சீப்பு இல்லை.  எங்கோ கருகுகிற நாற்றம் வந்தது. பெட்டி, பக்கத்தில் இருந்த யாருடைய கால்சட்டையின் மேலோ கவிழ்ந்து நின்றது. இத்தனை காலத்தில் அவள் துணியைத் தீய்த்தது அது ஒன்றுதான். வண்டியை அப்படியே போட்டுவிட்டுச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு சந்துக்குள் ஓடினாள்.

நர்சம்மா கொல்லையில் மருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க இவள் சட்டையை விரித்துக் காட்டியபோது அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"இதைப் போட்டிருந்த ஆளு எங்கம்மா? எங்க இருக்காரு?"

"உட்காரும்மா முதல்ல. வர்றவங்களோட துணியை எல்லாம் வாங்கி ஒண்ணாப் போட்டுடுவோம். பேன் இருக்கும், சொறி இருக்கும். கொதிக்க வச்சு, நல்லதா இருந்தா தெச்சு வேற ஆளுக்குக் கொடுப்போம். எது யாரோடதுன்னு..."

"எங்க வீட்டுக்காரர் சட்டைம்மா. இந்தப் பையை நான் தெச்சேன். தாடி வச்சிருப்பாரு."

"தாடியோட இங்க யாரும்..." என்று ஆரம்பித்த நர்சம்மா நிறுத்தினாள். அவள் பார்வை கொல்லை மூலைக்குப் போனது. அங்கே ஒரு மர ஸ்டூலும், சுவரில் மாட்டிய ரசம் போன கண்ணாடியும் இருந்தன. வேனில் வருகிறவர்களை நேராக அங்கேதான் இறக்குவார்கள். சவரக்காரர் தலையையும் முகத்தையும் மழித்து, குளிப்பாட்டி, வேறு உடுப்புப் போட்ட பிறகுதான் ஹாலுக்குள் விடுவது. அதுவும் அந்த வீட்டின் சட்டம். சாயங்கால வேன்காரன் உள்ளே வரும்போது காலையில் வந்தவர்கள் எல்லாரும் மொட்டையும் மழித்த முகமுமாக ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். தாடிக்காரரைத் தெருத்தெருவாக டார்ச் அடித்துத் தேடியவனுக்கு, தாடி போயிருக்கும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. அவனுக்கு மட்டுமா? அங்கே ஒருவருக்கும் ஏறவில்லை.

தன் பெயரைச் சொல்ல முடியாமலே போனவர் அங்கே ஒருவர்தான். நர்சம்மா செல்போனை எடுத்து, தயங்கித் தயங்கி அவருடைய போட்டோவைக் காட்டினாள். அடக்கம் பண்ணுவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குக் கொடுக்க எடுத்தது. மூடிய கண், ஒட்டிய கன்னம், ஒரு பக்கம் கோணின வாய். இஸ்திரியக்கா உற்று உற்றுப் பார்த்தாள். யாரோ ஒரு ஆள்.

"இவரு இல்லம்மா" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "எனக்குத் தெரியலம்மா. முகமே தெரியல" என்றாள். கட்டின புருஷன் முகம் தெரியவில்லையே என்கிற கொடுமை அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போட்டோவில் சட்டையின் காலர் மட்டும் தெரிந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

சவரக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தவர். கூலி வாங்காமல் இதைச் செய்துவந்தார். வந்து நின்றவரிடம் செல்போன் போட்டோவைக் காட்டி அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணே, மோவாய்க்குக் கீழ கத்தி எங்கேயாவது நின்னுச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். தன் மோவாயைத் தானே தடவிக்கொண்டார்.

"நின்னுச்சும்மா. ஒரு பள்ளம். கத்தி அதுக்குள்ள இறங்கல. கடைசியில தோலை இழுத்துப் பிடிச்சு, கத்தி நுனியால எடுத்தேன். மார்பு வரைக்கும் இருந்த தாடி. கீழ விழறப்போ ஒரு சத்தம் போட்டாரு, பேச்சுத்தான் இல்லையே, ஒரு மாதிரி சத்தம். வலிக்குதுன்னு நினைச்சு இன்னும் மெதுவாப் போட்டேன்." சொல்லிவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இனிமே கத்தி எடுக்கிறதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுங்கம்மா. இல்லன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

அதற்குள் வேன்காரத் தம்பி வந்துவிட்டான். வாசலிலேயே யாரோ சொல்லியிருப்பார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவளைப் பார்க்காமல், "வாங்கக்கா, அவரு படுத்திருந்த இடத்தைக் காட்டுறேன்" என்றான். ஆண்கள் ஹாலுக்குள் வெளிப் பெண்களை விடுவதில்லை என்கிற சட்டத்தை அன்று யாரும் நினைக்கவில்லை.

கட்டில் சுவரோரமாக இருந்தது. அதில் வேறொரு கிழவர் உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் ஜன்னல். ஜன்னலுக்குப் பக்கத்தில் அந்தப் போட்டோ. ஏணியும் தாடியுமாக அவர் நின்றார்.

"நல்லா இருந்த ஒரு கையைத் தூக்கித் தூக்கி இந்தப் பக்கமே காட்டுவாருக்கா" என்றான் அவன்.  "மழைக்காலம், காத்து அடிக்குது, ஜன்னலைச் சாத்தச் சொல்றாருன்னு நினைச்சோம். நான்தான் எந்திரிச்சுப் போய்ச் சாத்துவேன். சாத்தின பிறகும் கையைக் கீழ போட மாட்டாரு. கண்ணுல தண்ணி வரும். குளிருதுன்னு இன்னொரு போர்வை கொண்டாந்து போத்துவேன். அக்கா, போட்டோவுக்கு முன்னாலயே போய் நின்னு சாத்தினேன்கா. இந்தக் கையால சோறு ஊட்டினேன்."

அவன் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. யாரைத் திட்டுவது? குளிப்பாட்டினவளையா, சோறு ஊட்டினவனையா? ரொட்டி தின்ற கிழவர் தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "சாப்பிடும்மா" என்றார்.

சாயங்காலம் மகள் வந்தபோது அறையில் விளக்குப் போடவில்லை. அம்மா நீலச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். சட்டையைப் பார்த்த மகள் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள். அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தபடி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் விழுந்து கிடந்தது, ஆஸ்பத்திரி, கத்தி, கட்டில், தூக்கின கை, எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல் வந்தபோது மட்டும் நிறுத்தி, மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்.

"வீட்டுக்குத்தான்டி வரணும்னு கேட்டிருக்காரு. வாயில்லாம, கையால கேட்டிருக்காரு."

 மகள் உப்பின பெயின்டைச் சுவரிலிருந்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அப்பா போனதிலிருந்து தான் பேசின பேச்செல்லாம் அவளைச் சுற்றி நின்றது. ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை. பிறகு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன போட்டு அனுப்பினாங்களாம்மா?"

அம்மா மடியிலிருந்த சட்டையின் பையை நீவிவிட்டாள்.

"வெள்ளைச் சட்டை. அன்னைக்கு மழையில ஒண்ணே ஒண்ணு கொண்டாந்தான்னு சொன்னேனே, அது."

மகள் அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியின் கைப்பிடி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை.

"நல்லாப் போட்டியாம்மா?"

"நல்லாத்தான் போட்டேன்" என்றாள் அவள். "காலருக்குக் கஞ்சி வச்சு, ரெண்டு தரம் போட்டேன். முதுகுக்கும் போட்டேன்டி."